தமிழ் இணையம் வந்த பாதை – 17: விசை அழுத்தம் போய்ச் சேரும் இடம்

பாமினி எழுத்துருவில் ‘கொ’ என்று எழுத மூன்று விசைகள் வேண்டும் என்று சென்ற இதழில் பார்த்தோம். முதலில் கொம்பு, அடுத்துக் ககரம், கடைசியில் அரவு. தாளில் எழுத்து எந்த வரிசையில் கண்ணுக்குத் தெரிகிறதோ அதே வரிசையில் விரலும் போகும். யுனிகோட் முறையில் வரிசை வேறு. அங்கே ககரம் முந்தும். கொம்பும் அரவும் சேர்ந்த ஒகரக் குறி ஒரே இலக்கமாகப் பின்னால் வரும். தட்டச்சுப் பொறியில் பழகிய விரலை மாற்றச் சொல்ல முடியாது. ஆகவே விரலுக்கும் திரைக்கும் நடுவே ஒரு நிரல் நின்று, மூன்று விசைகளையும் கேட்டு, வரிசையைத் திருப்பி, ஓர் எழுத்தாக்கித் தர வேண்டும்.

அந்த நிரல் கணினியில் நிறுவப்பட்டிருந்தால் விடயம் ஒரு மாதிரி. உலாவியில் திறந்திருக்கும் பக்கத்துக்குள்ளேயே இருந்தால் இன்னொரு மாதிரி. பக்கத்துக்குள் இருக்கும் நிரலுக்கு விசை அழுத்தப்பட்ட செய்தியை உலாவிதான் சொல்ல வேண்டும். எப்போது சொல்வது, யாருக்கு முதலில் சொல்வது, எத்தனை பேருக்குச் சொல்வது என்பவற்றை உலாவி செய்த நிறுவனங்கள் தங்களுக்குள் சண்டை பிடித்துத்தான் முடிவு செய்தன. அந்த முடிவுகளில் தமிழருக்கு எந்தப் பங்கும் இருக்கவில்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தின் அச்சுவேலி போன்ற ஓர் ஊரில், பழைய கணினியையும் மெலிந்த தொலைபேசி இணைப்பையும் வைத்துக்கொண்டு ஒருவர் தமிழில் எழுத முடிந்ததா இல்லையா என்பதை அவைதான் தீர்மானித்தன. இந்த அத்தியாயம் முழுவதும் அதைப் பற்றியதுதான்.

அச்சுவேலியை நான் வேண்டுமென்றே எடுத்துக்கொள்கிறேன். எழுத்துக் கோப்பது இந்த ஊருக்குப் பழைய தொழில். 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த ச. தம்பிமுத்துப்பிள்ளை இங்கே ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற அச்சுக்கூடத்தை நடத்தினார். அவருடைய பேரன் மீ. ஜே. தம்பிமுத்து 1915இல் பிறந்து, லண்டனுக்குப் போய், 1939இல் ‘பொயற்றி லண்டன்’ இதழைத் தொடங்கி, ஆங்கிலக் கவிதை உலகில் பெயர் பெற்றார். ஈய எழுத்தைத் தட்டிலிருந்து எடுத்துக் கோத்த காலத்தில் ‘கொ’வுக்குக் கொம்பும் ககரமும் அரவும் மூன்று தனித் துண்டுகள். பாமினியின் வரிசை அந்தக் கோக்கும் முறையின் நேர் வாரிசு. கணினி வந்த பிறகு யாழ்ப்பாணத்து அச்சகங்கள் பாமினியை இவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொண்டதன் காரணம் இதுதான் என்பது என் எண்ணம்.

இனி 1995க்கு வருவோம். அந்த ஆண்டு மே மாதத்தில், அமெரிக்காவின் கலிபோர்னியாவில் நெற்ஸ்கேப் நிறுவனத்தில் வேலை செய்த பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாளில் ஒரு சிறு நிரல்மொழியின் முதல் வடிவத்தை எழுதி முடித்தார். செப்ரெம்பரில் நெற்ஸ்கேப் நவிகேற்றர் 2 உலாவியின் சோதனைப் பதிப்பில் அது ‘லைவ்ஸ்கிரிப்ற்’ என்ற பெயரில் வெளிவந்தது. டிசம்பர் 4ஆம் திகதி ‘ஜாவாஸ்கிரிப்ற்’ என்று பெயர் மாற்றி உலகுக்கு அறிவித்தார்கள். அந்த இரண்டு திகதிகளுக்கும் நடுவே, ஒக்ரோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணத்தைக் கைப்பற்ற இலங்கை இராணுவத்தின் ‘ரிவிரெச’ படை நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் எழும்பி நடந்தது. அச்சுவேலியும் வலிகாமத்தின் ஊர்தான். குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமல் போய் அப்போதே ஐந்து வருடம். வலைப்பக்கம் முதன்முதலாக விரல் சொல்வதைக் கேட்கத் தொடங்கிய மாதங்களில் எங்கள் ஊரவர் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தார்கள். இந்தத் தொடரில் இன்னும் பல இடங்களில் இப்படி இரண்டு கால அட்டவணைகளை அருகருகே வைத்துப் பார்க்க வேண்டி வரும்.

நவிகேற்றர் 2 தந்த வசதி மிகச் சிறியது. ஒரு பொத்தானுக்குரிய குறியீட்டுக்குள்ளேயே ‘ஒன்கிளிக்’ என்று எழுதி, அழுத்தினால் என்ன செய்ய வேண்டும் என்றும் எழுதிவிடலாம். படிவம் அனுப்பப்படும்போது, சுட்டி மேலே வரும்போது, பக்கம் ஏற்றப்பட்டு முடியும்போது என்று இன்னும் சில. இப்படி ஒரு நிகழ்வுக்காகக் காத்திருந்து வேலை செய்யும் நிரல்துண்டைக் கையாளி என்று சொல்வோம். ஒரு பொருளுக்கு ஒரு கையாளி. பத்துப் பொத்தான் இருந்தால் பத்து இடத்தில் எழுத வேண்டும். அன்றைய பக்கங்களுக்கு அது போதும்.

1997இல் பாதை இரண்டாகப் பிரிந்தது. ஜூனில் வந்த நெற்ஸ்கேப் கொமியூனிகேற்றர் 4இல் நிகழ்வு மேலிருந்து கீழே இறங்கும். சாளரம் முதலில் கேட்கும், பிறகு ஆவணம், கடைசியாகத்தான் பொத்தான். சாளரம் விரும்பினால் செய்தியைத் தானே பிடித்து வைத்துக்கொள்ளலாம். செப்ரெம்பர் இறுதியில் மைக்ரோசொப்ட் வெளியிட்ட இன்ரநெற் எக்ஸ்புளோரர் 4 இதை அப்படியே தலைகீழாகச் செய்தது. பொத்தான் முதலில் கேட்கும். அதை உள்ளடக்கிய பெட்டி அடுத்து. அப்படியே ஏறி ஏறி ஆவணத்தின் உச்சிக்குப் போகும். பக்கத்தின் எந்தப் பகுதியையும் நிரலால் தொடலாம் என்ற சுதந்திரத்தையும் மைக்ரோசொப்ட் அதே பதிப்பில் கொடுத்தது. தொழில்நுட்பம் என்ற அளவில் பார்த்தால் எக்ஸ்புளோரர் 4 முந்திவிட்டது என்றே நான் சொல்வேன். ஆனால் பக்கம் எழுதியவர்களுக்கு அது பெருந்தொல்லை. எந்த உலாவி என்று முதலில் விசாரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக எழுத வேண்டியிருந்தது.

வேர்ல்ட் வைட் வெப் கொன்சோர்டியம் என்ற பொது அமைப்பு இதற்கு ஒரு சமரசம் கண்டது. நெற்ஸ்கேப்பைச் சேர்ந்த ரொம் பிக்ஸ்லி தொகுத்த நிகழ்வு விதிமுறை 2000 நவம்பர் 13ஆம் திகதி பரிந்துரையாக வெளிவந்தது. அதன்படி ஒவ்வொரு நிகழ்வும் முதலில் உச்சியிலிருந்து இறங்கி இலக்கை அடையும். பிறகு பெரும்பாலான நிகழ்வுகள் அதே வழியாகத் திரும்பி ஏறும். இறங்கும்போது கேட்பதா ஏறும்போது கேட்பதா என்பதைப் பக்கம் எழுதுபவரே தெரிவு செய்யலாம். ‘அட்ஈவென்ற்லிசனர்’ என்ற கட்டளையும் இதில்தான் வந்தது. ஒரே பொருளில் எத்தனை கையாளிகளையும் இதனால் சேர்க்க முடியும். இரண்டு கட்சியின் முறையையும் சேர்த்து முடிச்சுப் போட்டது அரசியல் தீர்வுபோலத் தோன்றினாலும் உண்மையில் அது நல்ல தீர்வு. இருபது வருடங்களுக்கு மேலாக வலை முழுவதும் அதன் மேல்தான் நிற்கிறது.

நிகழ்வு ஏறிப் போவதால் என்ன நன்மை என்பதை நம் ஊர் நடைமுறையைக் கொண்டு சொல்கிறேன். ஊரில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் அரச அலுவலரை வைப்பதில்லை. விதானையார் ஒருவர்தான். எந்த வீட்டில் பிறப்பு, இறப்பு, குடிபெயர்வு என்றாலும் செய்தி அவரிடம் போகும். எந்த வீடு என்று பார்த்து அவர் குறித்துக்கொள்வார். நாளை புது வீடு ஒன்று கட்டினாலும் அதற்கென்று ஆள் நியமிக்கத் தேவையில்லை. பக்கத்தின் உச்சியில் ஒரே ஒரு கையாளியை வைத்து, கீழே எங்கு நிகழ்வு நடந்தாலும் ஏறி வரும் செய்தியைப் பிடித்து, எந்தப் பொருளில் நடந்தது என்று விசாரித்து வேலை செய்வது இதே முறை. ஆயிரம் கலங்கள் உள்ள அட்டவணைக்கு ஆயிரம் கையாளி தேவையில்லை. பக்கம் திறந்த பிறகு புதிதாகச் சேரும் பெட்டிகளும் தாமாகவே அதற்குள் வந்துவிடும். நிகழ்வு ஒன்று ஏறிப் போவதற்கு ஆகும் நேரம் மிகமிகச் சொற்பம். நேரத்தைத் தின்பது ஆயிரம் கையாளிகளைப் பக்கம் திறக்கும்போதே ஒட்டி முடிக்கும் வேலையும், ஒவ்வொரு கையாளியும் தன் முறை வரும்போது செய்யும் வேலையும்தான்.

ஆனால் 2000இல் எழுதி வைத்த விதி நம் கைக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. இன்ரநெற் எக்ஸ்புளோரர் அந்தக் கட்டளையை ஏற்றுக்கொண்டது 9ஆம் பதிப்பில், 2011 மார்ச்சில். அதுவரை மைக்ரோசொப்ட் தன் சொந்தக் கட்டளையான ‘அற்றாச்ஈவென்ற்’ என்பதையே பிடித்துக்கொண்டிருந்தது. பத்து ஆண்டுக்கு மேல் நீடித்த இந்த இழுபறிக்குள்தான் தமிழ் எழுதும் பக்கங்கள் பிறந்தன.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை. ஏப்ரலில் ஏ9 வீதி திறந்தது. கணினிகள் கொழும்பிலிருந்து லொறியில் வரத் தொடங்கின. யாழ்ப்பாண நகரில் மட்டுமல்ல, சந்திக்குச் சந்தி கொமினிகேசன் கடைகளும் நெற் கபேகளும் முளைத்தன. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைக்குத் தொலைபேசி எடுக்க வந்தவர்கள் மெல்ல மெல்ல மின்னஞ்சலுக்குப் பழகினார்கள். எழுதியது பெரும்பாலும் ஆங்கில எழுத்தில் தமிழ். அம்மாவின் கடிதத்தை ஆங்கில எழுத்தில் வாசிப்பது எவ்வளவு அந்நியமாக இருக்கும் என்று வெளிநாடு போனவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

தமிழில் எழுத வழி இல்லாமல் இல்லை. விண்டோஸ் 2000 யுனிகோட் தமிழை ஏற்கத் தொடங்கிவிட்டது. எக்ஸ்பியும் ஏற்றது, ஆனால் சிக்கலான எழுத்துகளுக்கான கோப்புகளை நிறுவுவட்டிலிருந்து தனியாகச் சேர்க்க வேண்டும். மலேசியாவின் முத்து நெடுமாறன் செய்த முரசு அஞ்சல் இருந்தது. முகுந்தராஜும் தமிழா குழுவினரும் தந்த எ-கலப்பை இருந்தது. அதிராம்பட்டினத்து உமர் தம்பி ‘தேனீ’ எழுத்துருவை உழைத்து உருவாக்கி இலவசமாகக் கொடுத்தார். ஆனால் எழுதுவதற்கான கருவிகளைக் கணினியில் நிறுவ வேண்டும். மணித்தியாலக் கணக்கில் காசு கொடுத்து இருக்கும் நெற் கபேயில் நிறுவும் உரிமை யாருக்கு? இன்று நிறுவினாலும் நாளைக்கு வேறு கதிரை, வேறு கணினி.

ஆகவேதான் எதையும் நிறுவாமல், உலாவியில் ஒரு முகவரியைத் திறந்தவுடன் தமிழ் எழுத வழிசெய்த பக்கங்கள் எங்களவருக்கு அவ்வளவு பெரிதாகப் பட்டன. ஜேர்மனியில் வாழும் ஈழத்தமிழரான சுரதா யாழ்வாணன் இந்த வேலையில் முன்னோடி. அவருடைய ‘புதுவைத் தமிழ் எழுதி’யும் ‘பொங்குதமிழ்’ எழுத்துரு மாற்றியும் 2000களில் தமிழ் வலையில் எழுதிய பெரும்பாலானோரின் கையில் பட்டவை. பாமினி பழகியவர் பாமினி விசையிலேயே எழுதலாம், கிடைப்பது யுனிகோட். எழுதியதை வெட்டி மின்னஞ்சலில் ஒட்டினால் வேலை முடிந்தது. சுரதாவின் பெயர் தமிழ்க் கணிமை வரலாற்றில் இன்னும் தடித்த எழுத்தில் வர வேண்டியது. கருத்தரங்குகளுக்கும் குழுக்களுக்கும் கொடுத்த இடத்தில் பாதியைக்கூட நாம் இப்படித் தனியாளாக உழைத்தவர்களுக்குக் கொடுக்கவில்லை.

இப்படிப்பட்ட பக்கத்தை எழுதுவது அன்று எவ்வளவு கடினம் என்பதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஒரு விசையை அழுத்தினால் உலாவி ஒன்றல்ல, மூன்று செய்திகளை அனுப்பும்: விசை இறங்கியது, எழுத்து வரப்போகிறது, விசை எழும்பியது. பாமினியில் ‘கொ’ எழுதினால் மூன்று விசை, ஒன்பது செய்தி. நிரல் பிடிக்க வேண்டியது நடுச் செய்தியை. எழுத்து பெட்டிக்குள் விழுவதற்கு முன் அதைத் தடுத்து, வேறு எழுத்தைப் போட வேண்டும்.

இன்ரநெற் எக்ஸ்புளோரரில் இதற்கு ஒரு குறுக்குவழி இருந்தது. வரப்போகும் எழுத்தின் இலக்கத்தை நிரல் நேரடியாக மாற்றிவிடலாம். விசை எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் 2965 என்று எழுதினால் பெட்டியில் ‘க’ விழும். மொசில்லா உலாவிகள் இதை அனுமதிக்கவில்லை. அங்கே செய்தியை முற்றாகத் தடுத்துவிட்டு, இடங்காட்டி எங்கே நிற்கிறது என்று கண்டுபிடித்து, பெட்டியிலுள்ள உரையை அந்த இடத்தில் இரண்டாக வெட்டி, நடுவில் புதிய எழுத்தை வைத்து, முழு உரையையும் திரும்பப் போட்டு, இடங்காட்டியையும் திரும்ப அதன் இடத்தில் நிறுத்த வேண்டும். எக்ஸ்புளோரரின் குறுக்குவழியும் பாதி தூரம்தான் வரும். ஒலிமுறையில் எழுதுபவர் ஒரு மெய்யெழுத்தைத் தட்டினால் யுனிகோட்டில் உயிர்மெய்யும் குற்றும் என்று இரண்டு இலக்கம் வர வேண்டும்; ஓர் இலக்கத்தை மாற்றும் வித்தை அதற்கு உதவாது. அடுத்து உயிரெழுத்தைத் தட்டினால் போட்ட குற்றைத் திரும்ப எடுக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு விசைக்கும் நிரல் திரும்பிப் பார்த்து, முன்னால் இருக்கும் எழுத்து எது என்று விசாரித்தாக வேண்டும்.

வேகப் பிரச்சினை பிறந்தது இங்கேதான். நாலு வரிக் கடிதத்துக்கு இந்த முறை தாக்குப்பிடிக்கும். பெட்டியில் பத்துப் பக்கக் கட்டுரை இருந்தால், ஒரு விசைக்குப் பத்துப் பக்கத்தையும் வெட்டி ஒட்டுகிறோம். பழைய கணினியில் விரல் முன்னால் போக எழுத்து பின்னால் வரும். பயர்பொக்ஸில் உரையைத் திரும்பப் போட்டதும் பெட்டி தன்பாட்டில் மேலே உருண்டுபோய்விடும். எழுதிய வரி கண்ணுக்கு மறையும். அன்று எழுதியவர்களில் பலர் தமிழ்தான் கணினிக்குப் பாரம் என்று நினைத்தார்கள். பாரம் மொழியில் இருக்கவில்லை. நிகழ்வைக் கேட்ட நிரல் செய்த வேலையின் அளவில் இருந்தது.

இன்னொரு நோய் 2001இல் வந்த எக்ஸ்புளோரர் 6ஐப் பிடித்திருந்தது. பக்கத்தின் பொருள்களை ஒரு பகுதியும் நிரலின் மாறிகளை இன்னொரு பகுதியும் தனித்தனியே கணக்குப் பார்த்தன. பொத்தான் கையாளியைப் பிடித்திருக்க, கையாளி பொத்தானைப் பிடித்திருக்க, இரண்டையும் எந்தப் பகுதியும் விடுவிக்காது. பக்கத்தை மூடினாலும் நினைவகம் திரும்பி வராது. உலாவியையே மூட வேண்டும். காலையிலிருந்து இரவுவரை ஒரே உலாவி திறந்திருக்கும் கடைக் கணினி மத்தியானத்துக்குப் பிறகு தவழ்ந்ததற்கு இது ஒரு காரணம். கையாளிகளின் எண்ணிக்கை குறைந்தால் இந்த ஒழுக்கும் குறையும். உச்சியில் ஒரே கையாளி என்ற முறையை நிரலாளர்கள் தேடிப் போனதற்கு அழகுணர்ச்சி மட்டும் காரணமில்லை.

அந்தத் தேடலில் இரண்டு பெயர்கள் முக்கியமானவை. ஆம்ஸ்ரர்டாமில் இருந்த பீற்றர்-போல் கொக் உலாவிகளுக்கு இடையிலான வேறுபாடுகளை ஒவ்வொன்றாகச் சோதித்து அட்டவணை போட்டவர். 2005இல் எல்லா உலாவியிலும் ஒரேமாதிரி நிகழ்வைக் கேட்கக்கூடிய சிறந்த நிரல்துண்டு எது என்று ஒரு போட்டி வைத்தார். வென்றவர் ஜோன் ரெசிக் என்ற அமெரிக்க இளைஞர். அடுத்த ஆண்டு, 2006 ஜனவரியில், அவர் ஜேகுவெரி என்ற நிரலகத்தை வெளியிட்டார். உலாவிச் சண்டையின் மிச்சங்களை எல்லாம் அது தன் வயிற்றுக்குள் விழுங்கிக்கொண்டது. 2009இல் வந்த 1.3ஆம் பதிப்பு, உச்சியில் ஒரு கையாளி வைக்கும் முறையை ஒரே வரியில் எழுதும்படி ஆக்கியது, 2011இல் 1.7ஆம் பதிப்பு அதைச் செம்மைப்படுத்தியது.

ஒரு முள் மட்டும் மிச்சம் இருந்தது. பெட்டிக்குள் இடங்காட்டி நுழைந்தது என்ற செய்தி மற்றவை போல ஏறிப் போவதில்லை. சொடுக்கு ஏறும், விசை ஏறும், இது ஏறாது. தமிழ் எழுதும் கருவிக்கோ மிகவும் தேவைப்படுவது இந்தச் செய்திதான். இறங்கும் கட்டத்தில் கேட்டால் பிடிக்கலாம் என்பதையும், எக்ஸ்புளோரரில் அதற்கு இணையான, ஏறிப் போகும் வேறொரு நிகழ்வு உண்டு என்பதையும் கொக் 2008இல் எடுத்துக்காட்டினார். ஜேகுவெரியும் இந்த வழியை ஏற்றது. நெற்ஸ்கேப் 1997இல் கொண்டுவந்து தோற்றுப்போன இறங்கும் முறைக்கு இப்படித்தான் பயன் கிடைத்தது.

இவை எல்லாம் சேர்ந்து தமிழுக்குப் பலன் தந்த இடம் விக்கிப்பீடியா. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. யாழ்ப்பாணத்தவரான கட்டிடக்கலைஞர் இ. மயூரநாதன், அமீரகத்தில் வேலை செய்துகொண்டே அதை முதல் ஆண்டுகளில் ஏறத்தாழத் தனியாளாகக் கட்டி எழுப்பினார். 2015ஆம் ஆண்டுக்கான இயல் விருது அவருக்குக் கிடைத்தது. எழுத ஆள் சேர்ந்தபோது எழுதும் கருவி தேவைப்பட்டது. 2011 அளவில் ‘நாராயம்’ என்ற கருவி பல இந்திய மொழி விக்கிகளோடு தமிழுக்கும் வந்தது. 2013இல் அதன் இடத்தை சந்தோஷ் தோட்டிங்ஙல் முதலான விக்கிமீடியா மொழிக்குழுவினர் உருவாக்கிய ‘ஜேகுவெரி ஐஎம்ஈ’ எடுத்துக்கொண்டது. தமிழ்99, பாமினி, ஒலிபெயர்ப்பு, இன்ஸ்கிரிப்ற் ஆகிய முறைகள் அதில் உண்டு. எங்கள் பாமினி பட்டியலில் இடம்பெற்றதை நான் முக்கியமாகக் கருதுகிறேன்.

அந்தக் கருவியின் நிரல் எவரும் வாசிக்கக் கிடைக்கிறது. வாசித்தால் இதுவரை சொன்ன வரலாறு முழுவதும் சில வரிகளுக்குள் தெரியும். விக்கிப் பக்கத்தில் தேடுபெட்டி, தொகுப்புப் பெட்டி, சுருக்கப் பெட்டி, இடையில் திறக்கும் சிறு சாளரங்களின் பெட்டிகள் என்று பல. ஒவ்வொன்றிலும் கையாளி ஒட்டவில்லை. பக்கத்தின் உடலில் ஒன்றே ஒன்று. எந்தப் பெட்டிக்குள் இடங்காட்டி முதலில் நுழைந்தாலும் அது விழிக்கும். விழித்ததும் தன்னை நீக்கிக்கொண்டு, அதன் பிறகே எழுதும் கருவியை வழங்கியிலிருந்து வரவழைக்கும். விசை விதிகளும் முறைக்கு ஒரு கோப்பாகத் தனித்தனியே இருப்பதால், பாமினியில் எழுதுபவருக்குப் பாமினி மட்டும் இறங்கும். கட்டுரையை வாசித்துவிட்டு மட்டும் போகிறவருக்கு எதுவுமே இறங்காது. தரவுக்குக் காசு எண்ணிக் கொடுப்பவருக்கு இது நேரடியான சேமிப்பு.

விசையைக் கையாளும் பகுதியிலும் அதே சிக்கனம். விதியோடு ஒப்பிட முழு உரையையும் அது எடுப்பதில்லை. இடங்காட்டிக்கு முன்னால் விதிக்குத் தேவையான சில எழுத்துகளை மட்டும் எடுக்கும். புதிய விசையைச் சேர்த்து விதியோடு ஒப்பிடும். பழைய துண்டும் புதிய துண்டும் எந்த எழுத்தில் வேறுபடத் தொடங்குகின்றனவோ அங்கிருந்து மட்டும் மாற்றும். 

எல்லாம் நேராக நடக்கவில்லை என்பதையும் பதிவு செய்ய வேண்டும். இந்தக் கருவியைத் தாங்கியிருந்த மொழித்தெரிவு நீட்சி பக்கங்களை மெதுவாக்குகிறது என்று கண்டு, 2014 ஜனவரி 21ஆம் திகதி பல விக்கிகளில் அதை நிறுத்தி வைத்தார்கள். குற்றம் எழுத்துரு இறக்கும் பகுதியில் இருந்தது. தண்டனை எழுதும் பகுதிக்கும் சேர்த்துக் கிடைத்தது. புகுபதிகை செய்தவர்கள் விரும்பினால் திரும்ப இயக்கிக்கொள்ளலாம் என்று விட்டார்கள்.

உச்சியில் ஒரே கையாளி என்பது எல்லா நிகழ்வுக்கும் பொருந்தும் மருந்து அல்ல. கைப்பேசியில் விரலால் பக்கத்தை உருட்டும்போது, உச்சியில் உட்கார்ந்திருக்கும் கையாளி அதைத் தடுக்கப்போகிறதா என்று உலாவி ஒவ்வொரு முறையும் காத்திருக்க வேண்டியிருந்தது. பக்கம் விரலோடு ஒட்டி வராமல் இழுபடும். 2017 தொடக்கத்தில் வந்த குரோம் 56, ஆவண உச்சியில் வைக்கப்படும் தொடுகைக் கையாளிகள் உருட்டலைத் தடுக்காது என்றே எடுத்துக்கொண்டது. சில பழைய பக்கங்கள் உடைந்தன. ஆயினும் மலிவான கைப்பேசி வைத்திருந்த கோடிக்கணக்கானோருக்கு அது சரியான முடிவு. 2024 மார்ச் 12 முதல் கூகிள் ஒரு பக்கத்தின் தரத்தை அளக்கும்போது, விரல் தொட்டதிலிருந்து திரை மாறும்வரை எடுக்கும் நேரத்தையும் கணக்கில் சேர்க்கிறது. 200 மில்லிசெக்கனுக்குள் இருந்தால் நல்லது என்பது அளவுகோல்.

கைப்பேசியின் வருகை தமிழ் எழுதும் பக்கங்களின் அடித்தளத்தையே அசைத்தது. அன்ட்ராய்டின் திரை விசைப்பலகை, எந்த விசை அழுத்தப்பட்டது என்பதைப் பக்கத்துக்கு முறையாகச் சொல்வதில்லை. பெரும்பாலும் எந்த விசைக்கும் 229 என்ற ஒரே இலக்கத்தையே அனுப்பும். எழுத்து வரப்போகிறது என்ற நடுச் செய்தி வராமலே போகும். அந்தச் செய்தியை நம்பிக் கட்டிய கருவிகள் கைப்பேசியில் வாயடைத்துப் போயின. இன்று தமிழைக் கைப்பேசியின் சொந்த விசைப்பலகையோ செல்லினம் போன்ற செயலியோ எழுதித் தருகிறது. பழைய நடுச் செய்தி வழக்கொழிந்தது என்று விதிமுறையும் அறிவித்துவிட்டது. உரை மாறுவதற்கு முன் வரும் நிகழ்வையும், எழுத்து உருவாகிக்கொண்டிருப்பதை அறிவிக்கும் நிகழ்வுகளையும் இனி நிரலாளர் பிடிக்க வேண்டும்.

யாழ்ப்பாணத்தில் இன்று நிரல் எழுதும் இளையோருக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. அவர்கள் செய்யும் பக்கங்களின் தேடுபெட்டியில் தமிழில் தட்டிப் பாருங்கள். பல பக்கங்கள் எழுத்து உருவாகி முடியும் முன்பே ஒவ்வொரு தட்டுக்கும் வழங்கியைக் கேட்கின்றன. ‘கொ’ எழுத முன் ‘க’வைத் தேடி முடித்துவிடுகின்றன. ஆங்கிலத்தில் சோதித்தால் இந்தக் குறை கண்ணுக்குப் படாது. எழுத்து முடிந்தது என்ற நிகழ்வுக்குக் காத்திருந்து, விரல் சற்று ஓய்ந்த பிறகு ஒரே தடவை கேட்டால் போதும். மெல்லிய இணைப்பில் இருப்பவருக்கு அது பெரிய உதவி.

இந்த வரலாற்றை எழுதும்போது மூல ஆதாரங்கள் போய்விட்டதுதான் என்னை மிகவும் வருத்துகிறது. நெற்ஸ்கேப்பின் கையேடுகள் கிடைக்கின்றன. 2000ஆம் ஆண்டு விதிமுறை சொல் மாறாமல் இருக்கிறது. ஆனால் 2002க்கும் 2010க்கும் இடையில் தமிழர் தனித்தனியாகச் செய்த எழுதும் பக்கங்களில் பலவற்றின் முகவரிகள் காலாவதியாகிவிட்டன. ஆயினும் அவற்றின் நிரல் பக்கத்துக்குள்ளேயே இருந்தது. இணைப்பு அறுந்தாலும் எழுத வேண்டும் என்று அந்நாளில் பலர் அந்தப் பக்கங்களைக் கணினியிலும் இறுவட்டிலும் சேமித்து வைத்தார்கள். அச்சுவேலியிலோ ரொறொன்ரோவிலோ லண்டனிலோ உங்கள் வீட்டுப் பழைய வன்தட்டில் அப்படி ஒன்று கிடந்தால், 2005 முதல் ஈழத்து எழுத்துகளைச் சேகரித்து வரும் நூலகம் நிறுவனத்துக்கு ஒரு படி அனுப்புங்கள். கோப்பின் பெயரையும் திகதியையும் மாற்றாமல், எந்த உலாவியில் பயன்படுத்தினீர்கள் என்ற குறிப்போடு அனுப்புங்கள்.

(தொடரும்)